கான்டனீஸ் பேசும் முதியவர்களின் வீட்டுக்குப் போகும் தாதிக்கு: எந்த வசனங்கள், எப்படிச் சொல்வது

கேள்வி: நான் கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் வீடு வீடாகச் சென்று நோயாளர்களைப் பார்க்கும் தாதி. அடுத்த மாதத்திலிருந்து ஏஜின்கோர்ட், மார்க்கம் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அங்கே பலர் ஹொங்கொங்கிலிருந்து வந்த வயதானவர்கள், ஆங்கிலம் குறைவு. அவர்கள் பேசும் கான்டனீஸ் என்ற சீன மொழியில் அடிப்படையாக என்ன வசனங்கள் தெரிந்திருக்க வேண்டும்? கைபேசிச் செயலி போதாதா?

பதில்:

தங்கச்சி, நிறைய வசனங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பதில் வந்தால் உங்களுக்கு விளங்கக்கூடிய கேள்விகளை மட்டும் படியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் "எங்கே நோகிறது?" என்ற கேள்வி கட்டாயம் இருக்கும். பின்1 தோவ்6 த்ஹுங்3. அதை நீங்கள் வடிவாகக் கேட்டுவிடுவீர்கள். அவரும் சந்தோஷப்பட்டு, எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் படுத்தால் கூடுகிறது, போன முறை டொக்டர் என்ன சொன்னார் என்று ஒரே மூச்சில் சொல்லத் தொடங்குவார். உங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அதற்குப் பதிலாக வயிற்றில் ஒரு பக்கம் மெதுவாகக் கையை வைத்து, "நீ1 தோவ்6 த்ஹுங்3 ம்4 த்ஹுங்3 ஆ3?" என்று கேளுங்கள். இங்கே நோகுதா இல்லையா என்று பொருள். வரக்கூடிய பதில் இரண்டுதான்: நோகுது என்றால் த்ஹுங்3, நோகவில்லை என்றால் ம்4 த்ஹுங்3. கையை அடுத்த இடத்துக்கு நகர்த்தி மறுபடி கேட்கலாம்.

சொற்களுக்குப் பக்கத்தில் உள்ள எண்கள் தொனியைக் குறிப்பவை. கான்டனீஸில் ஆறு தொனிகள் உண்டு. 1 மேலே நேராக நிற்கும், 3 நடுவில் நேராக, 6 கீழே நேராக. 2 கீழிருந்து நன்றாக மேலே ஏறும், 5 கீழிருந்து கொஞ்சம் மட்டும் ஏறும், 4 இன்னும் கீழே இறங்கும். ஆறையும் ஒரு கிழமையில் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். 1, 4, 2 மூன்றையும் வேறுபடுத்திச் சொல்ல வந்தாலே பெரும்பாலான வேலை நடந்துவிடும். மற்றதைச் சூழ்நிலையை வைத்து அவர்களே விளங்கிக்கொள்வார்கள்.

ஆனால் தொனிக்கு முன்னால் தமிழ் வாய்க்கு வேறொரு பயிற்சி தேவை. நமது மொழியில் மூச்சுக் காற்றோடு சேர்ந்த ஒலிகள் கிடையாது. த, க, ப, ச என்று சொல்லும்போது காற்று வெளியே தள்ளப்படுவதில்லை. கான்டனீஸில் அந்தக் காற்றுத்தான் சொல்லையே மாற்றுகிறது. நான் "த்ஹ" என்று எழுதும் இடங்களில் த சொல்லும்போதே காற்று வெடித்து வர வேண்டும். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், தாள் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் நீங்கள் சொன்னது துங்3. அதற்குக் குளிர் என்று பொருள். நோவுக்கும் குளிருக்கும் தொனி ஒன்றே, வித்தியாசம் அந்தக் காற்று மட்டும்தான். காலில் புண்ணோடு இருக்கும் ஒருவரிடம் நீங்கள் நோகுதா என்று கேட்டதாக நினைப்பீர்கள். அவர் "குளிரவில்லை" என்று பதில் சொல்வார். நீங்கள் கோப்பில் "நோ இல்லை" என்று எழுதுவீர்கள். இந்த ஒரு சொல்லுக்காகவாவது தாளை வைத்துப் பழகுங்கள்.

அடுத்தது சொல்லின் முடிவு. ஸிக்6, யத்1, ஸப்6 போன்ற சொற்கள் க், த், ப் ஒலியில் வாயை மூடியபடியே நின்றுவிடும். நாம் பழக்கத்தில் பின்னால் ஒரு உகரத்தைச் சேர்த்து ஸிக்கு, யத்து என்று முடித்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் அவர்களுக்கு இரண்டு சொல் கேட்டதுபோல இருக்கும். அப்புறம், கேள்வி கேட்கும்போது நாம் குரலை வசனத்தின் கடைசியில் உயர்த்துவோம். இங்கே அது வேண்டாம். கேள்வி என்பது சொற்களிலேயே இருக்கிறது. கடைசியில் வரும் ஆ3 நடுக்குரலில் சமமாக நிற்கட்டும்.

நமக்குச் சாதகமான விடயங்களும் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் ங வரும் என்றால் ஆங்கிலம் பேசுபவர்கள் திணறுவார்கள். "நான்" என்பதற்கு கான்டனீஸ் சொல் ஙோ5. சின்ன வயதில் ங, ஙா, ஙி என்று எழுதிப் பழகிய நமக்கு அது வந்துவிடும். அதேபோல "இல்லை" என்பதற்கு வரும் ம்4 வாயை மூடிக்கொண்டு சொல்லும் வெறும் ம் தான்.

வீட்டுக்குப் போவதற்கு முன் கோப்பில் பெயரைப் பாருங்கள். மொழி என்ற இடத்தில் "சைனீஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. குடும்பப் பெயர் சான், வோங், சியுங், லியுங் என்று இருந்தாலோ, ஆங்கிலத்தில் என், ஜி என்ற இரண்டு எழுத்து மட்டும் இருந்தாலோ, பெரும்பாலும் கான்டனீஸ் குடும்பம். சென், ஹுவாங், ஜாங், லியாங், வூ என்று எழுதியிருந்தால் சீனாவின் பொது மொழியான மாண்டரின் முறைப்படி எழுதிய பெயர். ஆனால் குவாங்டொங் மாகாணத்திலிருந்து வந்து வீட்டில் கான்டனீஸ் பேசுகிறவர்களும் அப்படி எழுதுவார்கள், ஆகவே கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். வியட்னாமியப் பெயர் உள்ள சிலரும் சைகோனின் சோலொன் பகுதியில் கான்டனீஸ் பேசி வளர்ந்த சீனர்கள். 1979, 1980 காலத்தில் படகில் தப்பி கனடாவுக்கு வந்த குடும்பங்களில் இப்படிப்பட்டவர்கள் பலர். மலேசியாவின் கோலாலம்பூர், ஈப்போ ஊர்க்காரர்களும் அப்படியே. மிக வயதான சிலர் பேசுவது தொய்சான் மொழி. கனடாவுக்கு முதலில் வந்த சீனர்களில் பெரும்பாலானோர் தொய்சானையும் அதன் அயல் மாவட்டங்களையும் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு நீங்கள் பேசும் கான்டனீஸ் விளங்கும். அவர்கள் பேசுவது ஹொங்கொங் மொழிபெயர்ப்பாளருக்கே விளங்காமல் போகலாம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏஜின்கோர்ட்டில் இந்தச் சமூகம் வேரூன்றியது எண்பதுகளில். ஹொங்கொங்கை 1997இல் சீனாவிடம் ஒப்படைப்பது என்ற உடன்படிக்கை 1984இல் கையெழுத்தானது. அதே வருடம் இங்கே டிராகன் சென்டர் என்ற சீனக் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. அப்போது நடுத்தர வயதில் பிள்ளைகளோடு வந்தவர்கள்தான் இன்று உங்கள் நோயாளர்கள். பலர் அங்கே நல்ல வேலையில் இருந்தவர்கள், படித்தவர்கள். ஆங்கிலம் வராததை வைத்து அவர்களைச் சின்னப் பிள்ளைகள்போல நடத்த வேண்டாம். நமது அம்மா அப்பாவை யாராவது அப்படி நடத்தினால் நமக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கதவு திறந்ததும் காலை என்றால் ஜோவ்2 ஸன்4, காலை வணக்கம். பிறகு "ஙோ5 ஹய்6 கூ1 நெங்4". நான் தாதி என்று பொருள். வூ6 ஸீ6 என்பது புத்தகச் சொல். ஹொங்கொங்காரர் வாயில் தாதி என்றாலே கூ1 நெங்4 தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். ஆண் தாதி என்றால் வூ6 ஸீ6 என்றே சொல்லட்டும், கூ1 நெங்4 பெண்களுக்கு மட்டும். இதில் ஹய்6 என்ற சொல்லைக் கீழ்க்குரலில் நேராகச் சொல்லுங்கள். உற்சாகத்தில் உயரத்தில் ஹய்1 என்று சொல்லிவிட்டால் அது பெண்ணுறுப்பைக் குறிக்கும் மிக மோசமான சொல்.

பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். குடும்பப் பெயரோடு பெண்ணுக்கு த்ஹாய்2, ஆணுக்கு ஸாங்1 சேர்க்க வேண்டும். சான் அம்மையார் ச்ஹன்4 த்ஹாய்2, வோங் ஐயா வோங்4 ஸாங்1. பழகிய பிறகு, அவர்களுக்கு விருப்பம் என்றால், ப்ஹோ4 ப்ஹோ2 (பாட்டி) என்றும் பாக்3 பாக்3 (தாத்தா) என்றும் கூப்பிடலாம். வீட்டில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்து அதையே பிடித்துக்கொள்வது நல்லது.

சப்பாத்தைக் கழற்றுவது நம் வீடுகளைப் போலவே அங்கும் கட்டாயம், சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் நிறுவனம் கழற்றக் கூடாது என்றால் உறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் "ஙோ5 ஸய்2 ஸௌ2 ஸின்1" என்று சொல்லிக் கைகழுவப் போங்கள். முதலில் கைகழுவிவிட்டு வருகிறேன் என்று பொருள். குழாய் எங்கே என்று அவர்களே காட்டிவிடுவார்கள். 

எதைச் செய்யச் சொன்னாலும் முன்னால் ம்4 கோய்1 போடுங்கள். தயவுசெய்து, நன்றி, கொஞ்சம் வழிவிடுங்கள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ம்4 கோய்1 ச்ஹோ5 தய்1 என்றால் உட்காருங்கள். ஃபன்3 தய்1 படுங்கள். க்ஹேய்5 ஹேய்2 ஸன்1 எழுந்து நில்லுங்கள். ம்4 ஹோவ்2 யுக்1 அசையாதீர்கள். மான்6 மான்2 லய்4 என்பது மெதுவாக, அவசரமில்லை என்று பொருள். கட்டிலிலிருந்து எழுப்பும்போதும் நடைதாங்கியைப் பிடித்து நடக்கும்போதும் நீங்கள் அதிகம் பாவிக்கப்போவது இதைத்தான். பயந்த முகத்தைக் கண்டால் ம்4 ஸய்2 கெங்1, பயப்பட வேண்டாம். ஙோ5 போங்1 நேய்5, நான் உதவி செய்கிறேன். நேய்5 என்பதைப் பலர் லேய்5 என்று சொல்வார்கள். இரண்டும் நீங்கள் என்பதே, குழம்ப வேண்டாம்.

ஒவ்வொரு வேலைக்கும் முன் கருவியைக் காட்டி அதன் சொல்லை மட்டும் சொன்னால் போதும். பிரஷர் பார்ப்பது லெங்4 ஹ்யூத்3 ஆத்3. காய்ச்சல் பார்ப்பது த்ஹாம்3 யித்6. சீனி பார்க்க விரலில் குத்துவது துக்1 ஸௌ2 ஜீ2. ஊசி போடுவது தா2 ஜம்1. புண்ணைத் துப்புரவு செய்து கட்டுவது ஸய்2 ஸெங்1 ஹௌ2. சொல்லிவிட்டு ஒரு கணம் நில்லுங்கள். தலையாட்டிய பிறகு தொடங்குங்கள். வழக்கமாகச் செய்யும் வேலைக்கு இந்த அளவு போதும். புதிதாக ஒன்றைச் செய்யும்போது போதாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இனிக் கேள்விகள். மூன்று அச்சு தெரிந்தால் எல்லாவற்றையும் அதில் வார்க்கலாம். முதலாவதை ஏற்கனவே பார்த்தோம்: சொல், நடுவில் ம்4, மறுபடி அதே சொல். தலைசுற்றுதா என்று கேட்க வன்4 ம்4 வன்4 ஆ3. கடிக்குதா, அரிக்குதா என்றால் ஹன்4 ம்4 ஹன்4 ஆ3. விறைப்பாக, அதாவது மரத்துப்போனது போல இருக்கிறதா என்றால் பேய்3 ம்4 பேய்3 ஆ3. எல்லாக் கேள்விக்கும் பொதுவான ஓர் "ஓம்" கான்டனீஸில் இல்லை. கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். நாமும் "நோகுதா" என்றால் "நோகுது" என்றுதானே சொல்கிறோம், அதே வழக்கம்.

இரண்டாவது அச்சு யௌ5 மோவ்5, உண்டா இல்லையா. விழுந்தீர்களா என்று கேட்க யௌ5 மோவ்5 தித்3 ச்ஹன்1 ஆ3. காய்ச்சல் உண்டா, யௌ5 மோவ்5 ஃபாத்3 ஸியூ1 ஆ3. இன்று மலம் போனதா, கம்1 யத்6 யௌ5 மோவ்5 தாய்6 பின்6 ஆ3. பதில் யௌ5 என்றால் உண்டு, மோவ்5 என்றால் இல்லை. விழுந்ததைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பிள்ளைகள் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் சொல்லாமல் மறைப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு.

மூன்றாவது அச்சு, கடைசியில் மேய்6. செய்தாகிவிட்டதா என்று பொருள். ஸிக்6 ஜோ2 ஃபான்6 மேய்6 ஆ3, சாப்பிட்டாச்சா? இது நலம் விசாரிக்கும் வார்த்தையாகவும் இருக்கும், இன்சுலின் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியாகவும் இருக்கும். நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை அவர்கள் உணர வேண்டும், இல்லையென்றால் மரியாதைக்கு "சாப்பிட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். இன்சுலின் பேனையைக் கையில் காட்டிக்கொண்டே கேளுங்கள். குளிசை போட்டாச்சா என்றால் ஸிக்6 ஜோ2 யெக்6 மேய்6 ஆ3. பதில் ஸிக்6 ஜோ2 என்றால் போட்டாயிற்று, மேய்6 என்றால் இன்னும் இல்லை. சுகம் கொஞ்சம் பரவாயில்லையா என்பதற்கு ஹோவ்2 தீ1 மேய்6 ஆ3.

உறுப்புகளின் பெயர்களுக்காக அதிகம் மெனக்கெட வேண்டாம், தொட்டுக் காட்டலாம். ஆனால் கேட்டால் அடையாளம் தெரிய வேண்டியவை சில: த்ஹௌ4 தலை, ஸம்1 ஹௌ2 நெஞ்சு, த்ஹோவ்5 வயிறு, யியூ1 இடுப்பு. ஸௌ2 என்றால் தோளிலிருந்து விரல் வரை, கெக்3 என்றால் தொடையிலிருந்து பாதம் வரை. தமிழில் கை, கால் என்று சொல்வது போலவே. கெக்3 நோகிறது என்று சொன்னால் எந்த இடம் என்று சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். கோப்பில் ஆங்கிலத்தில் எழுதும்போது பாதமா, கெண்டைக்காலா, முழங்காலா என்று பிரித்து எழுத வேண்டும் அல்லவா? கெண்டைக்கால் வீக்கமும் பாத வீக்கமும் ஒன்றல்ல. வீக்கத்துக்குச் சொல் ஜுங்2.

பதிலில் வரும் ஹோவ்2 என்ற சொல்லில் கவனம். தனியாக வந்தால் "நல்லது", இன்னொரு சொல்லுக்கு முன் வந்தால் "மிகவும்". ஹோவ்2 த்ஹுங்3 என்றால் மிகவும் நோகிறது. முதல் சொல்லை மட்டும் கேட்டு "நல்லா இருக்கிறாராம்" என்று நினைத்துவிடக் கூடாது. மறுபுறம் ஸியூ2 ஸியூ2, கொஞ்சம்தான் என்று சொல்வார்கள். மோவ்5 ஸீ6, ஒன்றுமில்லை என்பார்கள். அந்தத் தலைமுறைக்கு மற்றவர்களைத் தொந்தரவு செய்வது பிடிக்காது. ஸியூ2 ஸியூ2 என்று சொல்லும்போது புருவம் சுருங்குகிறதா, கட்டிலின் ஓரத்தைக் கை பிடிக்கிறதா என்று பாருங்கள். சொல்லைவிட அதை நம்புங்கள்.

நோவை எண்ணில் கேட்பதென்றால் முக அட்டை நல்லது. அமெரிக்கத் தாதி டோனா வோங்கும் கோனி பேக்கரும் எண்பதுகளில் குழந்தைகளுக்காக உருவாக்கிய முகப் படங்களை இப்போது பெரியவர்களிடமும் பாவிக்கிறார்கள். எண்கள்: யத்1, யீ6, ஸாம்1, ஸேய்3, ங்5, லுக்6, ச்ஹத்1, பாத்3, கௌ2, ஸப்6. நான்கு ஸேய்3, சாவு ஸேய்2. தொனி மட்டுமே வேறு. அதனால் சிலர் அந்த எண்ணையே தொட விரும்பமாட்டார்கள், மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாண்டுவார்கள். இதைச் சின்ன விடயமாக நினைக்க வேண்டாம். ரிச்மண்ட் ஹில் நகரசபை 2013இல் புதிய வீடுகளுக்கு 4 என்ற இலக்கம் கொடுப்பதை நிறுத்தியதே இதற்காகத்தான். முகத்தைச் சுட்டிக்காட்டச் சொன்னால் இந்தச் சிக்கல் வராது. ஒன்பதைச் சொல்லும்போது குரல் மேலே ஏறட்டும். உயரத்தில் நேராக நின்றால் அதுவும் கெட்ட வார்த்தையாகிவிடும்.

நீங்கள் கேட்காமலே அவர்கள் வாயிலிருந்து வந்தால் உடனே கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கவனிக்க வேண்டிய சொற்கள் இவை. ஸம்1 ஹௌ2 த்ஹுங்3 என்றால் நெஞ்சு நோ. ஸம்1 ஹௌ2 அய்3 என்றும் சொல்வார்கள், நெஞ்சை அடைக்கிறது, அழுத்துகிறது என்ற உணர்வு. இது பட்டியல்களில் இருக்காது, ஆனால் மாரடைப்பு வரும்போது நோ என்று சொல்லாமல் இப்படிச் சொல்லக்கூடும். த்ஹௌ2 ம்4 தோவ்2 ஹேய்3 என்றால் மூச்சுவிட முடியவில்லை. ஒரு பக்கக் கையையோ காலையோ காட்டி பேய்3 என்றால், விறைப்பு. அம்புலன்ஸை ஹொங்கொங்காரர் பாக்6 ச்ஹே1 என்பார்கள். "ஙோ5 தா2 கௌ2 யத்1 யத்1" என்று சொல்லிவிட்டு 911 எடுங்கள். மொழி விளங்காத ஒருவர் திடீரென்று தொலைபேசியில் பதற்றமாகப் பேசுவதைப் பார்த்தால் பயப்படுவார்கள். அந்த ஒரு வசனம் அதைக் குறைக்கும்.

யித்6 ஹேய்3 என்ற சொல்லையும் அடிக்கடி கேட்பீர்கள். காய்ச்சல் பார்ப்பதில் வரும் அதே யித்6 இதில் இருப்பதால் காய்ச்சல் என்று எண்ண வேண்டாம். உடம்பில் சூடு ஏறிவிட்டது என்பதுதான். பொரித்தது சாப்பிட்டதால் தொண்டை கட்டியது, வாயில் புண் வந்தது, மலம் இறுகியது எல்லாம் இதில் அடங்கும். சூட்டுச் சாப்பாடு, குளிர்ச்சிச் சாப்பாடு என்று வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தால் குடிக்கமாட்டார்கள். குளிசைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் கொடுங்கள்.

சூட்டைத் தணிக்க மூலிகை காய்ச்சிக் குடிப்பார்கள் என்பதால் இன்னொரு கேள்வியும் தேவை: யௌ5 மோவ்5 ஸிக்6 ஜுங்1 யெக்6 ஆ3, சீன மருந்து ஏதும் எடுக்கிறீர்களா? குறை சொல்லும் குரலில் கேட்டால் மோவ்5 என்றுதான் பதில் வரும். சமையலறை அடுப்பில் மண்சட்டி இருந்தால் அதைப் பார்த்துச் சிரித்தபடி கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர் என்றால் இது முக்கியம். தோங்1 க்வய்1, தான்1 ஸம்1 என்ற இரண்டு வேர்களும் வார்ஃபரினின் வேலையைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியவை. இரண்டுமே வீட்டுச் சூப்பில் சாதாரணமாகப் போடுபவை, அதனால் அவர்கள் மருந்தென்றே கருதமாட்டார்கள். இரத்தத்தை நீர்ப்பாக்கும் குளிசைக்கு அவர்கள் சொல்வது போக்6 ஹ்யூத்3 யூன்2. இந்தப் பெயர்கள் வந்தால் நீங்களாக நிறுத்தச் சொல்லாமல் மருந்தாளருக்கோ டொக்டருக்கோ அறிவியுங்கள்.

சூப் என்றதும் ஞாபகம் வருகிறது. த்ஹோங்1 சூப், த்ஹோங்4 சீனி, த்ஹோங்2 இனிப்பு மிட்டாய். நீரிழிவு உள்ள பாட்டியிடம் இனிப்புக் கூடாது என்று சொல்லப்போய்த் தொனி தவறி, சூப் குடிக்கக் கூடாது என்று சொன்னதாகிவிடலாம். கான்டனீஸ் குடும்பத்தில் சூப் என்பது மகள் அம்மா மேல் வைத்திருக்கும் அன்பு. அதை நிறுத்தச் சொன்ன தாதியை யாருக்கும் பிடிக்காது. உணவு பற்றிய அறிவுரையை உங்கள் கான்டனீஸில் சொல்லவே வேண்டாம் என்பது என் கருத்து. மிட்டாய் டப்பாவைக் காட்டி, வேண்டாம் என்று தலையை அசைத்தால் போதும், மிச்சத்தை மொழிபெயர்ப்பாளர் சொல்லட்டும்.

இன்னொரு பொறி கிழமை நாட்கள். திங்கள் லய்5 பாய்3 யத்1, ஞாயிறு லய்5 பாய்3 யத்6. தொனி மட்டும்தான் வித்தியாசம். "திங்கள் வருகிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால் ஞாயிறு முழுக்கப் புண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடும். சுவரில் தொங்கும் கலண்டரில் திகதியை வட்டமிடுங்கள், நேரத்தை எண்ணில் எழுதுங்கள்.

கணவரைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ கேட்டு ஜௌ2 ஜோ2 என்று பதில் வந்தால், வெளியே போயிருக்கிறார் என்றும் கொள்ளலாம், இறந்துவிட்டார் என்றும் கொள்ளலாம். நாம் "அவர் போயிட்டார்" என்று சொல்வதில்லையா? முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள், "எப்போது வருவார்" என்று தொடர வேண்டாம். சாவு பற்றிய பேச்சைக் கான்டனீஸில் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம்.

சீனப் புத்தாண்டு காலத்தில் சிவப்பு உறையில் காசு வைத்துக் கையில் திணிப்பார்கள். லய்6 ஸீ6 என்று அதற்குப் பெயர். வாங்கக் கூடாது என்பது உங்கள் நிறுவன விதியாக இருந்தால் ஸம்1 லிங்5 என்று சொல்லி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுங்கள். உங்கள் மனதை ஏற்றுக்கொள்கிறேன் என்று பொருள், கேட்டவர் மனம் நோகாது. விதிப்படி வாங்கக்கூடிய சின்னப் பொருள் என்றால், உதாரணமாக ஒரு தோடம்பழம், தொ1 ஜே6 என்று நன்றி சொல்லுங்கள். ம்4 கோய்1 செய்த உதவிக்கு, தொ1 ஜே6 கொடுத்த பொருளுக்கு.

இனிச் செயலி. போதுமா என்றால், சின்னத் தேவைகளுக்கு உதவும். கூகுள் மொழிபெயர்ப்பில் 2024இல்தான் கான்டனீஸ் சேர்க்கப்பட்டது. "சீனம்" என்று மட்டும் தெரிவு செய்தால் மாண்டரின் குரல் வரும், பாட்டி விழிப்பார். எழுத்தைக் காட்டுவதாக இருந்தால் ஹொங்கொங்காரருக்குப் பழைய முறை எழுத்து, சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு எளிமையாக்கப்பட்ட எழுத்து. பள்ளிக்கே போக வாய்ப்புக் கிடைக்காத பாட்டிமார் இரண்டையும் வாசிக்கமாட்டார்கள், அவர்களுக்குப் படம்தான். செயலியில் நோயாளியின் பெயரையோ விபரத்தையோ போட வேண்டாம்.

சம்மதம் வாங்குவது, மருந்தின் அளவை மாற்றுவது, முதல் நாள் மதிப்பீடு, மனநிலை பற்றிய கேள்விகள், வாழ்வின் கடைசிக் காலப் பராமரிப்பு: இவற்றுக்கு உங்கள் கான்டனீஸும் வேண்டாம், செயலியும் வேண்டாம், பேரப்பிள்ளையும் வேண்டாம். உங்கள் நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ள தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பத்து வயதுப் பேத்தியை வைத்துப் பாட்டியிடம் மலம், சிறுநீர் பற்றிக் கேட்பது இருவருக்குமே கொடுமை. மகன் நல்லவராக இருப்பார், ஆனால் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரியக் கூடாது என்று நினைத்து அந்தச் சொல்லை விழுங்கிவிடுவார். மிங்4 ம்4 மிங்4, விளங்கியதா என்று கேட்டால் மரியாதைக்கு மிங்4 என்று சொல்வார்கள், அதை விளக்கத்துக்குச் சான்றாக எடுக்க வேண்டாம். குளிசைப் பெட்டியைக் கையில் கொடுத்து, நாளைக் காலைக்கு உரியதை எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பழகுவதற்கு இரண்டு வழி நல்லது. உங்கள் அலுவலகத்தில் கான்டனீஸ் பேசும் தாதியோ பராமரிப்பாளரோ கட்டாயம் இருப்பார். மேலே உள்ள மூன்று அச்சுகளையும் அவர் குரலில் கைபேசியில் பதிவு செய்து, கார் ஓட்டும்போது கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். நான் தமிழில் எழுதியது கிட்டத்தட்டத்தான். யெக்6, நெங்4 போன்ற சொற்களில் உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும், அதைக் காதால் கேட்டால்தான் பிடிபடும். மற்றது, நோயாளிகளிடமே கேளுங்கள். பிரஷர் பட்டி காற்று இறங்கும்வரை ஒரு சொல்லைச் சொல்லி, சரியா என்று கேட்டால், பெரும்பாலான பாட்டிமார் உங்களை விடமாட்டார்கள், சரியாக வரும்வரை திருத்துவார்கள். முதல் கிழமைக்கு ஜோவ்2 ஸன்4, கூ1 நெங்4, ம்4 கோய்1, த்ஹுங்3 ம்4 த்ஹுங்3, மான்6 மான்2 லய்4 ஐந்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்துக் கேள்வியையும் விழுந்த கேள்வியையும் அடுத்த கிழமை சேர்க்கலாம், அதுவரை அவற்றை மொழிபெயர்ப்பாளர் மூலம் கேளுங்கள்.